தாம்பரம் – மதுராந்தகம்: டாப் கியரில் போன 22 கிலோமீட்டர்

பழைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஜிஎஸ்டி சாலையில் தூரமாகப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். நான் போனது 1992 மே மாதம், ஒரு முகூர்த்த நாள் காலை. மதுராந்தகத்தில் மாமியார் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று எதிர்வீட்டு போனுக்குத் தகவல் வந்தது. பெருங்களத்தூரில் அரை மணி நேரம் நின்றோம். ஒரு பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. திரும்பி வந்து வண்டியை எடுத்தேன். என் மனைவி திலகா தன் அம்மாவை உயிரோடு பார்க்க வேண்டும். வேறு நோக்கம் இல்லை.

தாம்பரத்தில் 6.40க்குக் கிளம்பினோம். தூரம் 55 கிலோமீட்டர்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் மைலேஜ்தான் மரியாதை. வேகம் முப்பதைத் தொடுவதற்குள் டாப் கியர் போட்டுவிட வேண்டும். எஞ்சின் கத்தினால் பெட்ரோல் குடிக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டு வேளையில் ‘அறுபது கொடுக்குது’ என்று சொல்லிக்கொள்வதில் ஓர் அற்ப சந்தோஷம் எனக்கு. அன்றும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மறைமலை நகர் தாண்டி ஒரு லாரி. அப்போது சாலை இருவழிதான். முந்தப் போனேன், வண்டி இழுக்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன். இரண்டாம் முறை பாதி லாரியைத் தாண்டியபோது எதிரே பஸ். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கியும் ‘பொம்’மென்று ஒரு மந்தமான சத்தம் மட்டுமே வந்தது. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். திலகாவின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன.

சிங்கபெருமாள் கோவிலில் ஓரம் கட்டினேன். மணி 7.35. அந்த லாரியும் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

“இன்னா சார், ரெண்டு தபா வெளிய வந்து வந்து உள்ள பூந்துகினே? டாப்புல போட்டுகினு முறுக்குனா எப்டி இழுக்கும்? ஒரு கியரு எறக்கு. கத்தட்டும் வுடு.”

திலகா மெதுவாகச் சொன்னாள்: “மூணாவதுல கத்திக்கிட்டுப் போறப்போ நல்லாத்தாங்க இழுத்துச்சு. நீங்கதான் உடனே மாத்திடுறீங்க.”

கியர் போடத் தெரியாத அவளுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவதிலேயே வைத்து முறுக்கினேன். நாற்பதைத் தாண்டியதும் சத்தம் மாறியது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல வண்டி பாய்ந்தது. ஐம்பதுக்கு மேல் டாப் போட்டேன், அப்போதும் இழுவை குறையவில்லை. மீதி 33 கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடந்தோம்.

வீட்டை அடைந்தபோது 8.20. அத்தை போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மெதுவாகச் சுற்றும்போது வலு கிடையாது. வேகமாகச் சுற்றும்போது குறிப்பிட்ட ஒரு வேக வரம்புக்குள்தான் முழு வலுவும் இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு முறுக்கினாலும் வீண். சுற்றுக் காட்டும் மீட்டர் இந்த வண்டிகளில் இல்லை, காதை நம்புங்கள். முந்துவதற்கு முன்பே ஒரு கியர் இறக்குங்கள். பின்னால் ஆள் இருந்தால் கட்டாயம் இறக்குங்கள்.

அன்று வண்டியை நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் மிச்சம் இருந்தது. வாசலில் அழுதுகொண்டிருந்த திலகா அதைப் பார்த்தாள். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவசரப்பட்டு டாப் போட்டேன் என்றால், இன்றைக்கும் பின்னாலிருந்து என் தோளை இரண்டு முறை தட்டுவாள்.