தராசு வாங்கிய மடிக்கணினி

பார்சல் அலுவலகத்தில் எடை போடுபவரை நாங்கள் தராசு என்றுதான் கூப்பிடுவோம். மூட்டையை ஒரு கையால் தூக்கியதுமே கிலோவைச் சொல்லிவிடுவார். மின் தராசு பின்னால் வந்து ஆமாம் போடும். ரசீது எழுதும் எனக்கு அவர் இருபது வருடப் பழக்கம். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். நல்ல மனிதர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துப் பல நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதுகு வளைய ஆரம்பித்தது. புத்தகப் பை எத்தனை கிலோ இருக்கும் என்று மருத்துவர் கேட்டார். ஊரார் மூட்டைக்கெல்லாம் எடை சொல்கிறவருக்கு அதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. பையால் வந்ததில்லை, வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் பிறகு சொன்னதெல்லாம் இவர் காதில் ஏறவே இல்லை. இரண்டு வருடம் அந்தப் பெண் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மருத்துவர் கேட்ட அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வாசலில் நின்று பையை நீட்டுவாள். இவர் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். அப்புறம்தான் அவள் படியிறங்குவாள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

சேர்ந்தது கட்டடக் கலை. சின்ன வயதிலிருந்தே ரசீதுத் தாளின் பின்பக்கமெல்லாம் வீடு வரைகிற பெண் அவள். மடிக்கணினி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், என்னவோ எனக்கு எல்லாம் தெரியும் என்பது போல. கடைப்பெண் பொறுமையாக விளக்கினாள். பாடம் எழுத, படிக்க, வகுப்பு கேட்க என்றால் மெல்லியதே போதும், சார்ஜும் நாள் முழுக்க நிற்கும். கட்டட வரைபடம் போடுவதென்றால் தடிமனானதுதான் தாங்கும். மெல்லியதில் பின்னால் மெமரி கூட்டவும் முடியாது.

மகளின் கை தடிமனானதன் மேலேயே இருந்தது. தராசு அதை வாங்கித் தூக்கினார்.

"ரெண்டே முக்கால் கிலோ." முகம் சுண்டிப்போனது. மெல்லியதைத் தூக்கினார். "ஒரு கிலோகூட இல்லம்மா. தோள்ல இருக்கறதே தெரியாது."

அவர் அப்படிச் சிரித்து நான் பல வருடம் பார்த்ததில்லை. மகள் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இதுவே போதும் என்றாள். நானும் பக்கத்தில் நின்று மண்டையை ஆட்டினேன். அந்த மண்டையை இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாம் வருடப் பாதியில் அவள் படிப்பை விட்டாள். பிடிக்கவில்லையாம், வணிகவியலுக்கு மாறிக்கொள்கிறாளாம். தராசுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் சும்மா இருந்தேனா? நிலையில்லாத புத்தி என்று அவள் முகத்துக்கு நேராகவே திட்டினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் அந்த மடிக்கணினியின் பேட்டரி உப்பிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் நானும் தராசும் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனோம். அவர் உள்ளே இருந்ததையெல்லாம் பிரதி எடுத்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"யாருங்க இதுல வீட்டு பிளான் போட்டது? பாவம்ங்க, மிஷினும் பாவம், போட்டவங்களும் பாவம்."

மீட்கப்பட்டது ஒன்று, மீட்கப்பட்டது இரண்டு என்று வரிசையாக இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். வரைந்துகொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுபோனால் மிச்சத்தை இப்படித்தான் சேமிக்குமாம். ஒன்றில் இரண்டே சுவர். இன்னொன்றில் படிக்கட்டு நாலாவது படியோடு நின்றிருந்தது. கடைசிக் கோப்பின் தேதி, அவள் படிப்பை விட்டதற்கு முந்தைய நாள். தராசு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்.

சாயங்காலம் அவர் அவளிடம் கேட்டபோது நானும் இருந்தேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

கல்லூரியில் கணினி அறையை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள், முடிந்தவரை சமாளித்துப் பார்த்தேன் என்றாள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். அப்போதுதான் அவள் உள்ளதைச் சொன்னாள்.

"கடையில நீ சிரிச்சேப்பா. பட்டை கட்டினதுலேருந்து நீ அப்படிச் சிரிச்சதே இல்ல. அதத் திருப்பிக் குடுன்னு எப்படிப்பா சொல்வேன்?"

மறுநாள் காலை நான் மாடியிலிருந்து இறங்கும்போது அவள் வழக்கம்போல வாசலில் பையை நீட்டிக்கொண்டு நின்றாள். தராசு நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நேரமாகிறது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் நிமிரவில்லை. கனத்தில் கை தாழ்ந்தபோதெல்லாம் பையை மறுபடி உயர்த்தி, அவள் நீட்டியபடியே நின்றாள்.