சாதாப் போர்வைச் சீட்டு

சக்கரக் கட்டிலில் படுத்தபடி, ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அந்தக் காத்திருப்பு அறைக்குள் வந்தபோது சிஸ்டர் முதலில் பார்த்தது கூரையைத்தான். முப்பத்தோரு வருஷம் இதே அறையில் நர்ஸாக நின்று வேலை பார்த்தவர். கூரை இவ்வளவு அழுக்கு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, பித்தப்பைக் கல் அவரை நோயாளியாக இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மகளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

சன்னலோரம் அந்த இரும்பு மேசை இன்னும் இருந்தது. பார்த்ததும் மனசு பழைய நாளுக்கு ஓடிவிட்டது.

ஓய்வுக்கு முந்தைய வருஷம், அந்த மேசை மேல்தான் மயக்க மருந்து டாக்டரம்மா ஒட்டிய உறைகளை அடுக்கி வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் அரைமணி நேரம் சூடான கம்பளி போர்த்தினால், முடிந்து வரும்போது உடம்பு நடுங்காது என்பது அவர் எண்ணம். பெரிய டாக்டர்களோ, "போர்வையில என்னங்க இருக்கு?" என்று சிரித்தார்கள். அதனால்தான் ஆராய்ச்சி. சம்மதித்த நூற்றிருபது பேருக்கும் ஆளுக்கொரு உறை. உள்ளே 'சூடு' அல்லது 'சாதா' என்று சீட்டு. சூடான கம்பளியோ வெறும் போர்வையோ, எது வந்ததோ அதுதான். யார் சிபாரிசும் செல்லாது.

சிஸ்டருக்கு அதுதான் ஒத்துவரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அலமாரி நிறையச் சூடான கம்பளி. கண்ணெதிரே ஒருவர் குளிரில் ஒடுங்கிக் கிடப்பார். மனுஷி எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

ஒருநாள் வயதான தையல்காரர் ஒருவர் வந்தார். ஒல்லிக்குச்சி உடம்பு. முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியைத் தடவிப் பார்த்து, "இதத் தச்சவனுக்குத் துணி பத்தலையா, வெக்கம் பத்தலையா சிஸ்டர்?" என்றார். சொல்லும்போதே பல் தந்தியடித்தது. அவருக்கு வந்தது 'சாதா'. சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார்.

ஆபரேஷன் முடிந்து வந்தவர் நடுங்கவேயில்லை. உடம்புச் சூட்டை அளந்து 'சாதா' கட்டத்தில் எழுதியதும் சிஸ்டர்தான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"சீட்டு சொன்ன மாதிரி அவரு 'சாதா'வுலதான் இருப்பாரு சிஸ்டர். நடந்ததைக் குறிச்சு வைப்பேன். ஆனா பாருங்க, சூடு நல்லதுன்னு நீங்க செஞ்சது சூட்டுக்கு எதிராப் போய் நிக்குது. இப்படி சாதாவுல இன்னும் பத்துப் பேரு நடுங்காம வந்தா, சாதாவே போதும்னு முடிவாயிடும். அப்புறம் யாருக்குமே கிடைக்காது."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒருத்தர்தானா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒருத்தர்தான் டாக்டர்." பிறகு மெல்லச் சேர்த்தார். "இன்னொருத்தருக்குக் காலுறை மட்டும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"கையையாவது பிடிச்சுக்கலாமா டாக்டர்?"

"எல்லார் கையையும் பிடிக்கிறதா இருந்தா பிடிங்க."

அன்றிலிருந்து எல்லோர் கையையும் பிடித்தார். சாதாச் சீட்டுக்காரர்களின் கை ஐஸாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். பாதி உறைகள் மிச்சமிருக்கும்போதே ஓய்வு நாள் வந்துவிட்டது. டாக்டரம்மாவும் வேறு ஊர் போய்விட்டார். முடிவு என்ன ஆனது, தான்தான் கெடுத்தோமா என்று யாரையும் கேட்க சிஸ்டருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது வருஷமாக அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மா, போத்தி விடட்டுமா?"

இளம் நர்ஸ் ஒருத்தி அலமாரியிலிருந்து கம்பளியோடு வந்து நின்றாள். போர்த்தியதும் பாதம் வரை சூடு இறங்கியது.

"எனக்கு 'சூடு' வந்திருக்காம்மா?" சிஸ்டரின் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "சீட்டுல?"

"சீட்டா? என்ன சீட்டு? இங்க வர்ற எல்லாருக்கும் இதுதாம்மா. ஏழெட்டு வருஷமா இதான் வழக்கம்."

எல்லாருக்கும். சிஸ்டருக்குக் கண் நிரம்பிவிட்டது. அந்த ஐஸ் கைகள் ஒவ்வொன்றையும் மறுபடி பிடித்து இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அழாதீங்கம்மா. பயமா இருக்கா? கையப் பிடிச்சுக்கட்டுமா?"

"எல்லார் கையையும் பிடிப்பியா?"

"பிடிப்பேனே," என்றாள் அவள்.

சிஸ்டர் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினார்.