கிர்ஷ்மாட்டில் தூதரின் கல்லறை

நவம்பரில் சுவிட்சர்லாந்துக்குப் போகும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். மலை தெரியாது, ஏரி தெரியாது, ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். நான் போனது ஒரு கல்லறையைப் பார்க்க. அமெரிக்கா தனி நாடான புதிதில் அதன் தூதராக ஐரோப்பா வந்து, துன் நகருக்கு மேலே கிர்ஷ்மாட் என்ற சிற்றூரில் இறந்துபோன ஒரு கவிஞரின் கல்லறை. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அமெரிக்கர்களுக்கே தெரியாது.

சூரிக் விமான நிலையத்திலிருந்து துன்னுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கே சீட்டு வாங்கினால் எழுபது பிராங்க் வரை ஆகும். சில வாரம் முன்பே, ஒரு நாள் முழுக்கச் செல்லும் நாள் சீட்டாக எடுத்தால் குறையும்.

துன் நிலையத்தில் நவம் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, இப்போது ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். முன்பு கிர்ஷ்மாட்டில் குடியிருந்தவர் என்பதால் புறப்படும் முன், நண்பர் ஒருவர் தந்த எண்ணில் அழைத்து அவரிடம் வழி கேட்டிருந்தேன். இருநூறு ஆண்டுக் கல்லறை அந்த ஊரில் அப்படியே இருக்கிறது என்றும் சொல்லியிருந்தேன். ஒரு பழைய பயண நூலில் படித்ததுதான். எத்தனை ஆண்டு என்று அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு, "வாங்கோ அண்ணை, நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

காரில் பன்னிரண்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். வழியில் தூதரின் கதையைச் சொன்னேன். உழவர் வீட்டுப் பிள்ளை. புதிய நாட்டைப் பாடி ஒரு பெரிய காவியம் எழுதினார். ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று நம்பினார். அச்சிட்ட பிரதிகளே விற்கவில்லை. பிறகு பாரிஸில் தூதர் வேலை. ஒரு வணிக உடன்படிக்கையில் கையெழுத்து வாங்க, படையோடு நகர்ந்துகொண்டே இருந்த அரசர் ஒருவரைத் தேடி டிசம்பர் பனியில் மலையேறினார். அரசரோ வேறு வழியாகத் திரும்பிப் போயிருந்தார். தூதருக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. கிர்ஷ்மாட் சத்திரத்தில் உயிர் போயிற்று. பாரிஸில் இருந்த மனைவிக்குச் செய்தி எட்டவே வாரக்கணக்காயிற்று.

"கவிஞரை அனுப்பினால் எப்பிடி அண்ணை அலுவல் முடியும்?" என்று நவம் சிரித்தார். அடுத்த வளைவில் சிரிப்பு போய்விட்டது. தனக்கும் அந்த மயானத்தில் ஒராள் உண்டு என்றார்.

மகள். பிறந்து ஒரு மாதம்கூட இருக்கவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதால் புதைத்தார்கள். இந்த நாட்டில் புதைகுழி நிரந்தரமல்ல என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. இருபது, இருபத்தைந்து ஆண்டு. பிறகு கல்லைப் பெயர்த்துப் புல் விதைப்பார்கள். பின்னாளில் வேறொருவருக்கு அந்த இடம். மார்ச்சில் குழந்தைகள் வரிசையை எடுக்கப் போவதாக ஊராட்சியிலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்தது.

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தனை இருநூறு வருசம் விட்டு வச்சிருக்கினம் எண்டால், என்ரை பிள்ளையையும் விடலாம்தானே. நீங்கள் பத்திரிகைக்காரர். ஒருக்கா கேட்டுப் பாருங்கோ."

கிர்ஷ்மாட் தேவாலயத்தின் வெளிச்சுவரில் தூதரின் பெயர் பொறித்த கல் ஒன்று பதித்திருந்தது. எழுத்தில் பாதியைப் பாசி மூடியிருந்தது. கீழே சரளைப் பாதை. மேடும் இல்லை, குழியும் இல்லை. நவம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குள்ளயோ வச்சிருக்கினம்?"

எதிரே இருந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெண் அலுவலர் கனிவாகவே பேசினார். நவம் எனக்குத் தமிழில் சொன்னார். பழைய கல் வீணாகக் கூடாதென்று பின்னாளில் யாரோ சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். தூதர் எங்கே கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் மேல் எத்தனையோ பேரைப் புதைத்தாயிற்று. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பத்திரிகைக்காரன் என்று சொல்லி நானும் கேட்டேன். அதே பதில். அதற்குப் பிறகு நவம் மொழிபெயர்க்கவில்லை. ஜெர்மனில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தார்.

"எலும்பைத் தொடமாட்டினமாம். கல்லை வேணுமெண்டால் கொண்டு போகலாமாம்" என்றார் வெளியே வந்து. "மூண்டாம் மாடி வீடு அண்ணை. எங்கை வைக்கிறது?"

தேவாலயத்தின் பின்பக்கம் போனோம். அவர் மகளின் கல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஈர இலைகளைக் கையால் ஒதுக்கினார். நான் தள்ளி நின்றேன். சுவரில் பதித்த கல்லைக் கல்லறை என்று எழுதிய நூலை நம்பி, பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று இவரிடம் சொன்னவன் நான்.

திரும்பும் வழியில் அவர் மனைவி அழைத்தார். காரின் ஒலிபெருக்கியில் குரல் கேட்டது.

"என்னப்பா சொன்னவை?"

"ஊராட்சிக் கந்தோர் பூட்டிக் கிடக்கு. வேறை நாள் போவம்."

"அமெரிக்கன்ரை கல்லறையைப் பாத்தனீங்களோ?"

"ஓம். நல்ல வடிவா வச்சிருக்கினம்."

துன் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டுப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: துன் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, ஞாயிற்றுக்கிழமை குறைவு. மதியத்தில் அலுவலகம் மூடியிருக்கும். ஈரம் தாங்கும் காலணி வேண்டும். தூதரின் கல்லை மட்டும் பார்ப்பதானால் எந்தப் பருவத்திலும் போகலாம். அதை யாரும் எடுக்கப் போவதில்லை. மார்ச்சுக்கு முன் போகிறவர்கள் தேவாலயத்தின் பின்பக்கமும் நடந்து பாருங்கள். சிறிய கற்களுக்கு நடுவே, ஆதிரை என்று தமிழில் எழுதிய ஒன்று இருக்கும். ஏப்ரலில் போனால் புல்தான்.