கறுப்புப் பட்டிக்குக் களுதாவளை வரை

காலை 6.10. வாழைச்சேனையில் கல்முனை பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு முப்பத்திரண்டு கிலோமீற்றர், அங்கிருந்து களுதாவளைக்கு இன்னும் இருபத்துநான்கு. முன்பென்றால் இரண்டு மணித்தியாலம் போதும். சுனாமி வந்து நாலு வருடம் கழித்து, வடக்கே சண்டை முடியும் தறுவாயில், எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு எனக்குக் கராத்தே கறுப்புப் பட்டிப் பரீட்சை. நாலு வருடம் உதை வாங்கியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காக. மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பது வயதில் ஆரம்பித்தவன் நான். முழங்கால் இரண்டும் எப்போதோ மன்னிப்புக் கேட்டுவிட்டன. பையில் வெள்ளை உடுப்பு, குத்திக் குத்தி மரத்த விரல் மொளிகளில் காய்ப்பு. உடம்பில் காய்ப்பைக் கண்டால் இயக்கத்தில் இருந்தவன் என்று பிடிக்கும் காலம்.

"அந்தக் கையை ஆருக்கும் காட்டிக்கொண்டு நிக்காதீங்க" என்று மனைவி புறப்படும்போதும் சொன்னாள்.

பக்கத்து இருக்கையில் ஓட்டமாவடியிலேயே ஏறியிருந்த காத்தான்குடிப் புடவை வியாபாரி. அறுபது வயதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

7.35. சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம்.

"எங்க போறது?" என்றான் சிப்பாய்.

"பயிற்சிக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வகுப்பு என்றுதான் சொல்லவேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் முதல் கட்டளை. இந்தப் பக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்றால் துவக்குப் பிடிக்கப் பழகியவன். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சிப்பாய்க்கும் அந்த ஒரு சொல் தெரியும். அலுப்பில் வாய் வழுக்கிவிட்டது. வரிசை என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றது. சிப்பாய் என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான்.

காக்கா முன்னால் வந்து சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். பாதிதான் விளங்கியது. நான் பேக்கரிக்காரனாம். காய்ப்பு மா பிசைந்து வந்ததாம். போவது பேக்கரிப் பயிற்சிக்காம். என் பையிலிருந்த வெள்ளைச் சட்டையை அவரே எடுத்து உதறிக் காட்டினார். சிப்பாய் அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். போகச் சொன்னான்.

பஸ்ஸில் காக்கா நெற்றியைத் துடைத்தார். "பொய் சொல்ல வெச்சிட்டீங்க மனே. இந்த வயசில என்னத்துக்கு இந்தக் குத்தும் உதையும்?"

"கடல் வந்த அண்டைக்குத் தங்கச்சிட கை என்ட கையில இருந்து நழுவிட்டு, காக்கா. அதுக்குப் பிறகுதான் சேந்தன்."

கடலைக் குத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் சும்மா இருக்க அந்தக் கை விடவில்லை. காக்கா என் வெள்ளைச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். காத்தான்குடியில் "வாறன் மனே" என்று சொல்லி இறங்கிப்போனார்.

9.50. களுதாவளை. மூன்று பேரோடு மோதவிட்டார்கள். உதடு கிழிந்தது. ஆனாலும் தேறிவிட்டேன். சந்தோஷம் வந்தது, களைப்புக்குப் பின்னால் நின்றது.

பிற்பகல் 1.15. மாஸ்டர் சான்றிதழைத் தந்தார். என் படம், முழுப்பெயர், கீழே பெரிய எழுத்தில் 'பயிற்சியை நிறைவு செய்தார்'. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீட்டினேன்.

"இதக் கொண்டு அந்தப் பாதையால போக ஏலா மாஸ்டர். இஞ்சயே வெச்சுக்கொள்ளுங்க. மறுகா ஒரு நாளைக்கு வந்து எடுக்கன்."

அவர் அதை வாங்கிக்கொண்டார். அலுமாரியைத் திறந்தார். உள்ளே அதேபோன்ற சான்றிதழ்கள் ஒரு கட்டாக இருந்தன. மேலே இருந்த இரண்டு படங்களிலும் எங்கள் வகுப்புப் பையன்கள். இருவரும் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

"இவங்களும் மறுகா வாறம் எண்டுதான் சொன்னவங்க" என்றார் மாஸ்டர்.

என்னுடையதை அவர்களுக்கு மேல் வைத்துப் பூட்டினார்.