அம்மாவின் இரண்டு விநாடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கிவிட்டுப் பால் காய்ச்சி, காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது முழுதாக விழித்திருக்காது. கணக்காகச் சொன்னால் ஆறு நிமிடம் இருபது விநாடி. இவ்வளவு கணக்காக எப்படித் தெரியும் என்றால், என் அப்பா மராத்தி பேசும் ஊரான ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் நேரம் அளக்கிற வேலையில் இருந்தார். ஒருவர் ஒரு சக்கரத்தை மாட்ட எத்தனை விநாடி ஆகிறது, எங்கே கை வீணாக அலைகிறது என்று பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுத வேண்டும். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வருகிற மனிதர் வீட்டிலாவது சும்மா இருக்கலாம். இருக்க மாட்டார்.

நான் பல் துலக்குகிற நேரம், ஷூ போடுகிற நேரம், வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் போகிற நேரம் எல்லாம் அவருடைய நோட்டில் உண்டு. ஒருமுறை அம்மா சப்பாத்தி இடுவதை அளந்தார். மாவு டப்பா இடது பக்கம் இருந்தால் ஒரு சப்பாத்திக்கு நான்கு விநாடி மிச்சமாகும் என்று கண்டுபிடித்து, அவரே டப்பாவை நகர்த்தியும் வைத்தார். அம்மா அதை மறுபடி வலது பக்கம் வைத்தாள். அதோடு சமையலறையில் அளவெடுப்பு நின்றது.

கம்ப்யூட்டர் எங்களுக்குப் பழையதாக வந்த பெட்டி. அதை அதிகம் பயன்படுத்தியது அம்மாதான். நானும் அப்பாவும் கிளம்பிப் போனபின் பதினொரு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்து தமிழில் ஏதோ தட்டுவாள். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்காகத் தட்டச்சு பழகியவள், மலர் வந்து இரண்டு வருடமாகியும் விடவில்லை. என்ன தட்டுகிறாய் என்று நாங்கள் இருவரும் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தாலும் எனக்குப் புரியாது. மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றையும் வாசிப்பேன். தமிழ் எனக்குப் பேச்சோடு சரி, அதுவும் நொண்டி நொண்டித்தான் வரும்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பா ஒரு போட்டி வைத்தார். கம்ப்யூட்டர் விழிக்கும் நேரத்தை மூன்று நிமிடத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அவருடைய பழைய ஸ்டாப்வாட்ச் எனக்கு. வெள்ளி நிறம், மேலே குமிழ், காதில் வைத்தால் டிக் டிக் என்று ஓடும். அதைத் தொடுவதற்கே எனக்கு அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட பொருள்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் பாப்பா. மாத்தினதை எழுது, அப்புறம் அளந்து பாரு. ரெண்டை மாத்தினா எதுனால வேகம் வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார்.

நான் ஒரு நூறு பக்க நோட்டில் கோடு போட்டு ஆரம்பித்தேன். திறந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் வேண்டாத நிரல்களை நிறுத்தியதில் ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. திரையில் இருந்த பனிமலைப் படத்தை எடுத்தேன். சிதறிக் கிடந்த கோப்புகளை வரிசைப்படுத்தும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடவிட்டு, திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே மதியச் சோற்றைச் சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் நான்கு நிமிடம் நாற்பதுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டேன். ஃபாண்ட், அதாவது எழுத்து வடிவங்கள், அளவுக்கு மேல் இருந்தாலும் தாமதமாகும் என்றார். போய்ப் பார்த்தால் எங்கள் பெட்டியில் எழுநூற்றுக்கு மேல் இருந்தன. பூ வைத்த எழுத்து, எலும்பால் செய்த எழுத்து என்று யாரோ எப்போதோ ஒரு சிடியிலிருந்து கொட்டி வைத்தவை. அடுத்த ஞாயிறு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என்னால் வாசிக்க முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் போகட்டும். இதுதான் என் விதி. சிலதைத் திறந்தால் வெறும் சுழியும் கொக்கியுமாக இருக்கும். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. நீக்கியதன் பெயரை மட்டும் வரிசை எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா அளந்தார். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அப்பா தொழிற்சாலை ஆள். "ஒரு தடவை வந்தா அது குருட்டு யோகம். மூணு நாள் வரணும்" என்றார். சொன்னாரே தவிர, முகமெல்லாம் சிரிப்பு. எதிர்வீட்டுக் காகுவை, மராத்திக்கார அத்தையை, கூப்பிட்டு இன்னொருமுறை ஓட்டிக் காட்டினார். அவர் என் கன்னத்தைக் கிள்ளி, "காய் ஹுஷார் போர்கி ஆஹே" என்றார், என்ன கெட்டிக்காரப் பெண் என்று. மறுநாள் காலை அப்பா அந்த நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மேலாளர்களிடம் காட்டுவதற்காம். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பெருமையான திங்கட்கிழமை வந்ததில்லை.

பள்ளியிலிருந்து திரும்பியபோது அம்மா கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. திரையில் கேள்விக்குறி, தலையில் புள்ளி வைத்த இங்கிலீஷ் எழுத்து, பாதிக் கட்டம் என்று பக்கம் பக்கமாக என்னவோ ஓடியது. எனக்கு அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நேற்றுவரை வாசிக்க முடியாததாக இருந்தது, இன்றும் அப்படியே இருந்தது.

"நீ எதையெல்லாம் எடுத்தே? திட்ட மாட்டேன், சொல்லு."

"கச்ரா மட்டும்தான்மா" என்றேன். குப்பையைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு ஃபாண்ட். எதில் தட்டினோமோ அது இருந்தால்தான் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் இப்படித்தான். பெரிய நிரல் எங்கள் பெட்டியில் நகராது என்பதால் அம்மா நோட்பேடில் தட்டிவந்தாள். எந்த ஃபாண்டில் தட்டினோம் என்பதை அது கோப்பில் வைத்துக்கொள்ளாது. சங்கத்து ஆள் என்றோ பொருத்திக் கொடுத்ததன் பெயர் அவளுக்கும் நினைவில்லை. இரண்டு வருடமாக எழுதியது அத்தனையும் அங்கேதான் இருந்தது. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

"பேரெல்லாம் எழுதி வச்சிருக்கேன்மா, நோட்டுல" என்றேன். அம்மா சட்டென்று திரும்பினாள். நோட்டு எங்கே என்று கேட்டாள். அது ஆகுர்டியில் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். மேலாளர் என்ன சொன்னார் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அம்மா அவர் தோளிலிருந்து பையை வாங்கி நோட்டை எடுத்தாள். என் எழுத்தின்மேல் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். இருநூற்றுப் பதினாறாவது பெயரில் விரல் நின்றது. பார்த்ததும் இதுதான் என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "எம்பொண்ணு எழுதி வச்சிருக்கா பாருங்க. ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கா" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் குரல் ஏன் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வேகத்தைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா பஸ் ஏறிக் கிர்கி போய், சங்கத்து ஆளிடம் அந்த ஒரு ஃபாண்டை மட்டும் ஃபிளாப்பியில் வாங்கிவந்து போட்டாள். திங்கட்கிழமையும் அதே ஐம்பத்தெட்டு வந்திருந்தது, அன்றுதான் என் மூன்றாம் நாள். அப்பா சாயங்காலம் குமிழை அமுக்கினார். மூன்று நிமிடம், பூஜ்யம் விநாடி.

"மூணுக்குக் கீழன்னுதான் பேச்சு. இது மூணு" என்றார் அப்பா. மகள் என்பதற்காக ஒரு விநாடி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "எங்கியோ ரெண்டு விநாடி ஒழுகுது."

"ஒழுகல. அந்த ரெண்டு விநாடி எனக்கு. அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். மாவு டப்பா அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்து நோட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் 'அம்மா – 2' என்று எழுதினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மூன்று வாரம் நான் பாடுபட்டதைக் கெடுத்துவிட்டாளே என்று அவள்மேல் அப்படியொரு கோபம். அம்மாவின் ஃபாண்டில் கை வைக்க முடியாது. வேறு எதை எடுக்கலாம் என்று தேடினேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஒரு சின்ன இசை வரும். அது எனக்கு உயிர். அதைக் கேட்கவே பக்கத்தில் நிற்பேன். கண்ணை மூடிக்கொண்டு அதை நிறுத்தினேன். அப்பா மறுபடி அளந்தார். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு. ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது.

அம்மா எழுதியதை நான் படித்தது கல்லூரி முடித்த பிறகு. அதற்காகவே தமிழ் எழுத்துகளைக் கற்றேன். சப்பாத்தி அளக்கிற கணவர் அதில் வருகிறார். ஏமாந்த நேரத்தில் நன்றாகச் சிரிக்கவைக்கிறார்.

ஆனால் அன்று அது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். உன் இரண்டு விநாடியை நான் திருப்பி எடுத்துவிட்டேன் பார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சப்பாத்திக் கட்டையை வைத்துவிட்டு, "பாட்டை நிறுத்திட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன், ஜெயித்தவள் தோரணையில்.