வலது காலும் சிவப்புக் காலிப்பரும்

எங்கள் தெருவில் எஞ்சின் பார்ப்பவர், டயர் மாற்றுபவர், பெயின்ட் அடிப்பவர் என்று எல்லாரும் உண்டு. என் எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர் பிரேக் மட்டும்தான் பார்ப்பார். வேறு வேலையோடு வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குப் பிரேக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இங்கே நான் எழுதுவதில் பாதி என் வாசலில் இருந்து பார்த்தது. மீதி அவருடைய மனைவி பிற்பாடு சொன்னது. இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

எந்த வண்டியானாலும் அவர் கடைசியாகச் செய்வது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். வலது காலால் பெடலை ஒரே ஒரு முறை, நிதானமாக அழுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "கல்லு" என்பார், அல்லது "பஞ்சு" என்பார். கல் என்றால் வண்டி வெளியே போகலாம். பஞ்சு என்றால் பிரேக் குழாயில் எங்கோ காற்று தங்கியிருக்கிறது. மறுபடியும் ஜாக்கி ஏறும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு வண்டி வாங்கினான். இரண்டே கதவு, பெரிய எஞ்சின். அதுவும் போதாதென்று யாரிடமோ கொடுத்து இன்னும் வேகம் ஏற்றியிருந்தான். தெருமுனையில் அது திரும்பும்போதே என் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவன் மனைவியின் வீடு மலைமேல் இருக்கிறது. போனமுறை குடும்பத்தோடு இறங்கி வரும்போது கடைசி வளைவுகளில் பெடல் உள்ளே உள்ளே போயிருக்கிறது. கருகிய நாற்றமும் வந்திருக்கிறது. பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி பறக்குது மாமா. நிக்கறதுக்குத்தான் கொஞ்சம் யோசிக்குது" என்றான்.

"பறக்கறதுக்கு யார்கிட்ட குடுத்தே?"

"அவன் ஒரு எஞ்சின்காரன்."

"நிக்கறதுக்கும் அவனையே கேக்கறதுதானே மாப்ள."

உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவனுக்கு சைக்கிள்லயே பிரேக் இருந்ததில்ல. ரோட்டுல காலைத் தேச்சுத் தேச்சுத்தான் நிப்பான். இப்ப மட்டும் எங்கிருந்து புத்தி வந்துச்சாம்?"

"புள்ளைங்க வந்தப்புறம் வந்துச்சுக்கா."

பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பரும் மாட்டுவதென்று முடிவாயிற்று. சாமான்களை மைத்துனனே வாங்கி வந்தான். வரும் வழியில் பெயின்ட்காரரிடம் கொடுத்துக் காலிப்பர்களுக்குச் சிவப்பு அடித்து, மேலே வெள்ளை எழுத்தில் கம்பெனிப் பெயரும் ஒட்டி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் காலையில் பிரேக்காரர் வேலையைத் தொடங்கினார். முன்சக்கரங்கள் இரண்டிலும் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது. மைத்துனன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாமா, பேரு தலைகீழா இருக்கு."

"பேரா வண்டியை நிறுத்தப் போகுது?"

"சக்கரத்துக்குள்ள பளிச்சுனு தெரியுமே மாமா. பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நின்னு சிரிப்பான்ல, போதும்."

அவன் விடவில்லை. தொணதொணப்பு தாங்காமல் இடதுபக்கத்துக் காலிப்பரை வலதுபக்கம் வைத்துப் பார்த்தார். போல்ட் அச்சாகப் பொருந்தியது. அதை இதற்கும் இதை அதற்குமாக மாற்றினார். பெயர் நேராக நின்றது. மைத்துனன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

இவ்வளவு எளிதில் அவர் விட்டுக்கொடுத்தது எனக்கு அப்போதே விசித்திரமாகப் பட்டது. அவருடைய மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. சில வாரங்களுக்கு முன் கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒரு கால் செருப்போடு வீடு திரும்பியிருக்கிறார். மனைவி காட்டும்வரை வலது காலில் செருப்பு இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது காலில் தொட்டதையெல்லாம் சொன்னார். வலது காலில் பாதி தெரியவில்லை. சர்க்கரை, நரம்பு என்று டாக்டர் ஏதோ விளக்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் "ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து அவர் இருக்கையில் ஏறினார். அழுத்தினார். கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை.

"என்ன மாமா, கல்லா?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

மைத்துனன் உட்கார்ந்து தன் வழக்கப்படி தட்டித் தட்டி அழுத்தினான். "கல்லு மாதிரிதான் இருக்கு மாமா" என்றான். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவன் தட்டி முடித்த சூட்டிலேயே அவளும் அழுத்தினாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். மறுபடி அவர் உட்கார்ந்தார். பஞ்சு.

அடுத்தடுத்துத் தட்டினால் காற்றுள்ள பெடலும் கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும். இதை எத்தனையோ பேருக்கு அவரே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்று அது அவருக்குத் தோன்றவேயில்லை. பெடல் மெத்தென்று இருக்கிறதா, தன் பாதம்தான் மெத்தென்று ஆகிவிட்டதா என்ற ஒரே கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கல் என்று சொன்னால் நாளைக் காலையில் அந்தக் குடும்பம் மலை ஏறிவிடும். இறங்கவும் வேண்டும். பஞ்சு என்றால் ஏன் என்று காட்ட வேண்டும்.

"ஆயில் கொஞ்சம் அமரணும். சாயங்காலம் வா மாப்ள" என்று அனுப்பிவைத்தார்.

"ஆயில் அமரணுமா?" என்றாள் மனைவி. "நாற்காலி போடட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. "வா, இன்னொரு தடவை ஏர் எடுக்கலாம்" என்றார்.

காற்று எடுக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பெடலில் அவள், சக்கரத்தில் அவர். அந்தப் பேச்சு என் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

"அடி. அடி. பிடி."

"பிடிச்சாச்சு."

"விடு."

"உங்க அம்மா கூப்பிட்டாங்க."

"பிடி."

"பிடிச்சாச்சு. போன் பண்ணலன்னு குறைப்பட்டாங்க."

"விடு. நாளைக்குப் பண்றேன்."

சக்கரத்தில் ஆயில் வடிய மாட்டியிருந்த குழாயில் குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஆயில் சுத்தமாக வந்தது. ஆனாலும் அவர் அழுத்தினால் பஞ்சு. அப்போது தம் காலையே பழி சொல்லி முடிவுக்கு வந்துவிட்டார். மைத்துனனை வரச்சொல்லி வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தார். எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்து அவள் கேட்டாள். "ஏங்க, எப்பவும் ஸ்டூல்ல உக்காந்துதானே ஏர் எடுப்பீங்க? இன்னிக்கு என்ன தரையில படுத்துக்கிட்டு?"

"நிப்பிள் கீழே இருக்கு. அதான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நிப்பிள் என்பது காற்றை வெளியே விடும் சின்னத் திருகு. காற்று மேலே போகிற சரக்கு. திருகும் மேலேதான் இருக்க வேண்டும். அவர் கைக்கு இதுவரை வந்த காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டவே முடியாது. அதனால் திருகு எங்கே இருக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டி வந்ததில்லை. இதுவோ இரண்டு பக்கமும் பொருந்துகிற சாதி. பெயர் நேராக நின்றதும் திருகு கீழே போய்விட்டது. கீழிருந்து ஆயிலை எவ்வளவு வடித்தாலும் உச்சியில் இருந்த காற்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்று முதல்முறையாகக் கேட்டது. "அப்ப என் கால் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

"கால் சொல்லாம வேற எது சொல்லும்?" என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

காலிப்பர்களைப் பழையபடி இடம் மாற்றினார். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து காற்று எடுத்தார். குழாயில் குமிழிகள் வரிசையாக வந்தன. பிறகு வந்தது ஆயில் மட்டும். அவள் பெடலைத் தட்டாமல், சற்று நேரம் விட்டு, ஒரே முறை அழுத்தினாள்.

"கல்லு" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

"பஞ்சு."

"இல்லீங்க. நல்லா அழுத்துங்க."

"நல்லாத்தான் அழுத்தறேன்."

ஒற்றைச் செருப்போடு அவர் வந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. "இடது காலால அழுத்துங்க பாப்போம்" என்றாள்.

அவர் தயங்கினார். உடம்பைத் திருப்பி, இடது காலைக் கொண்டுவந்து அழுத்தினார். கல். வலது கால். பஞ்சு. மறுபடி இடது. கல். அப்போதுதான் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னார். அவள் திட்டிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது. அதை நான் எழுதப்போவதில்லை.

மாலையில் மைத்துனன் வந்தான். பெயர் தலைகீழாக இருப்பதைப் பார்த்து வாயைத் திறந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். வண்டியை ஓட்டிப் பார்க்க அவளே இருக்கையில் ஏறினாள். வழக்கமாகப் பிரேக்காரர் உட்காரும் இடம் அது. அவர் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். தெருக்கோடிச் சரிவில் வேகம் பிடித்து, பிரேக் அடித்து, வண்டி நேராக நின்றது. பிறகு திரும்பி வந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"கல்லு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சாவி கைமாறியது. மறுநாள் அந்தக் குடும்பம் மலை ஏறி, சுகமாக இறங்கியும் வந்தது. இப்போதெல்லாம் பெடலைச் சோதிப்பது அவள்தான்.

பிரேக்காரருக்கு மட்டும் ஒன்று இன்னும் தெளியவில்லை. என் வீட்டுக்கு வந்தால் அதையே பேசுகிறார். "காத்து இருந்தப்பவும் பஞ்சுன்னுச்சு. காத்து போனப்பவும் பஞ்சுன்னுச்சு. அப்ப முதல்ல சொன்னது தெரிஞ்சு சொன்னதா, தெரியாம சொன்னதா சார்?" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்னது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் தம் வலது பாதத்தைத் தரையில் அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.