அம்மா வேலை பார்த்த மாடிகள்

மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள விழுப்புரத்தில் ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் எனக்குத் திமிர் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வந்தது, அதன் பின்னாலேயே மனுக்களும் வந்தன. டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்த நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, முதலாளி நாற்காலியை மாற்றினார், என்னை மாற்றவில்லை. முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, பட்டா மாற்றம் என்று எந்தப் படிவமானாலும், எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் திரும்பி வரும் என்பது எனக்கு மனப்பாடம். இவ்வளவு தெரிந்த நான்தான் அம்மாவின் காரியத்தைக் கெடுத்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது நான், விழுந்தது அம்மா.

அம்மா கூலி வேலைக்காரி. கோலியனூர் பக்கத்தில் ஒரு காலனியில் எங்கள் குடிசை இருந்தது. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா நட்டது, களையெடுத்தது, அறுத்தது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியது எல்லாமே அடுத்தவர் நிலத்தில். குடிசையை ஒட்டி ஒரு பூசணிக் கொடி ஏற்றக்கூட இடமில்லை. எங்கள் சுவர் முடியும் இடத்தில் பக்கத்துக் குடிசையின் சுவர் ஆரம்பித்துவிடும். கடையில் கத்திரிக்காய் வாங்கும்போதெல்லாம் அம்மா ஒன்றைச் சொல்வாள்.

"யாரையும் கேக்காம ரெண்டு காய் அறுத்துகினு வந்து கொழம்பு வெக்கணும்டி. ஒரே ஒரு தடவ போதும்."

வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது. வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்றுகூட அவள் கேட்டதில்லை.

மாவட்டம் வந்த பிறகு டவுனைச் சுற்றி நிலமெல்லாம் மனைக்கட்டாகியது. அம்மா வேலை செய்த ஆண்டையின் கழனியில் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, வளைவு வைத்தார்கள். நூறு நாள் வேலை வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. இருந்த கொஞ்சநஞ்ச வேலையும் போன பிறகு, ஊரில் என்ன இருக்கிறது என்று அம்மாவை டவுனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி முளைத்த ஒரு புது நகரில், மாடி வீட்டின் பின்புறப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பொதுக் கக்கூஸ். அம்மா துணி காயப்போட முதல் முறை மொட்டைமாடிக்கு ஏறிவிட்டு இறங்கி வந்தவள், "அந்தப் பச்ச பெயிண்டு வூடு இருக்குது பாரு, அங்கதான் மோட்டார் கொட்டாய் இருந்துச்சி. நாம இப்ப இருக்கறது மேட்டுக் கழனி" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது தெரிந்த ஊரைக் காட்டுவதுபோல் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற வாத்தியாரின் மனைவி. கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன்.

மாடித்தோட்டத் திட்டம் முதலில் சென்னைக்காரர்களுக்குத்தான் என்றார்கள். பிறகு பணம் அதிகமாக ஒதுக்கி எங்கள் டவுனுக்கும் வந்தது. வளர்க்கும் பை, தேங்காய் நார்க் கட்டி, விதைப் பாக்கெட், உரம், பூவாளி எல்லாம் சேர்த்து ஒரு கிட்டு. பாதிக்கு மேல் மானியம். எங்கள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, லாரி ஓனர் வீடு என்று எல்லோருக்கும் விவசாயத்தின் மேல் திடீர்ப் பாசம். ஒரு நாளும் ஒரு செடியைக்கூடத் தொட்டிராத ஆட்களுக்காக நாள் முழுதும் மனு தட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், வாழ்நாள் முழுதும் சேற்றில் நின்றவள் வாசலில் சும்மா உட்கார்ந்து கால் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிந்தது.

மனுவோடு வீட்டு வரி ரசீது வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களானால், வீட்டுக்காரர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வைத்தால் போதும், வாடகைக்காரர் பெயரிலேயே கிட்டு வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட கடிதங்களை நானே தட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரம்மாவிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கையெழுத்து எதற்கு என்பார், மாடியை எழுதிக் கேட்கிறார்களோ என்று யோசிப்பார், நாங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்ற பழைய விசாரணை மறுபடி ஆரம்பிக்கும். வீடு தேடி அலைந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு எத்தனை வாசலில் பதில் சொன்னோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே சுலபமான வழியைப் பிடித்தேன்.

"அம்மா, உங்க பேர்லயே போட்டுடறேன். செடியெல்லாம் எங்கம்மா பாத்துக்குவாங்க. உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்னா, போட்டுக்கோ" என்றார் அவர்.

விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயரை நானே தட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மானியம் போக மீதிப் பணமும் என்னுடையது.

கிட்டு வந்தது. நார்க் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்த அம்மா, "இன்னாடி இது, மண்ணே இல்லாம வெவசாயம்?" என்று சிரித்தாள். ஏரிப்பக்கம் போய் வண்டல் கொண்டுவந்தாள், மாட்டுக் கொட்டகை தேடி எரு கொண்டுவந்தாள். நாற்பது நாளில் அந்த மாடி மாடியாக இல்லை. அரைக்கீரை, முள்ளங்கி, வெண்டை, அவரை, கத்திரி. கத்திரிப் பூவைப் பார்த்துவிட்டு அவள் கோயிலுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடையில் ஒரு நாள் முழுதும் யார் மேலும் எரிந்து விழவில்லை.

முதல் கத்திரிக்காய் அறுக்கும் அன்று நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன். அம்மா ஒரு தட்டு நிறைய அறுத்துக்கொண்டு கீழே வந்தாள். படியின் அடியில் வீட்டுக்காரம்மா தற்செயலாக நின்றுகொண்டிருந்தார். அம்மா தட்டை அவர் காலடியில் வைத்தாள். அதோடு விட்டிருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, மடியைப் பிரித்து, இரண்டு முறை உதறிக் காட்டினாள். மல்லாட்டைக் கொல்லையில் வேலை முடிந்து கரையேறும் பெண்கள் ஆண்டைக்கு முன்னால் அப்படித்தான் செய்வார்கள். மடியில் ஒன்றும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம்.

"ஐயோ, என்னா ஆயா இது, அதெல்லாம் வேணாம்" என்றார் வீட்டுக்காரம்மா. வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அம்மா உதறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, நாலு காயை அம்மாவின் கையில் கொடுத்தார்.

அன்று அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"அது உன் தோட்டம்மா! நீ ஏன் அவங்க கால்ல கொண்டு போய் வெக்கிறே?"

"சும்மா பேஜாரு பண்ணாதடி. மாடி அவுங்களுது. பை அவுங்க பேர்ல வந்துச்சி. தண்ணி அவுங்க மோட்டாரு. என்னுது இன்னா இருக்குது அதுல? கைதான்."

யார் பெயரில் வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் திட்டத்துக்கு இன்னும் பணம் வந்தது. வீட்டுக்கு ஒரு கிட்டு என்றிருந்தது கூடியது, நிழல்வலைக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் மானியம் கொடுத்தார்கள். நன்றாக வளர்த்த மாடிகளைப் பார்க்க ஆபீசர்கள் வந்தார்கள். எங்கள் மாடிக்கும் வந்தார்கள். வீட்டுக்காரம்மா பட்டுப்புடவை கட்டி, பூவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்க வந்தவர், "ஆயா, கொஞ்சம் நகந்துக்கோங்க" என்றார். அம்மா நகர்ந்தாள். நகர்ந்தது போதாது என்று, நல்ல காய் படத்தில் விழும்படி அவரைக்காய்ச் செடி இருந்த பையையும் திருப்பி வைத்தாள். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அதை லேமினேட் செய்ய வீட்டுக்காரம்மா என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். ஒரு குமிழிகூட விழாமல் செய்து கொடுத்தேன். ஓரத்தில் அம்மாவின் முழங்கை மட்டும் தெரிந்தது. கறுத்து, தோல் தொங்கி, யாருடையது என்று கேட்கத் தோன்றாத ஒரு முழங்கை.

பிறகு வீட்டுக்காரம்மா, "சும்மா செய்ய வெக்கிறது பாவம் ஆயா, மாசம் ஏதாச்சும் தர்றேன்" என்றார். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கூலி என்று பேசிவிட்டால் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிடும். பேப்பரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மாடிக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். கிட்டு வாங்கிய எவருக்கும் குனிய முடியவில்லை. ஆறு மாடிகள் ஆயின. அறுபத்தைந்து வயதில், மூட்டு வீங்கிய காலோடு, காலையில் மூன்று மாடி, சாயங்காலம் மூன்று மாடி. சில நாள் கோலியனூரிலிருந்து அவளோடு முன்பு களையெடுத்த இரண்டு பெண்களும் வந்தார்கள். நிலத்தில் போன கூலி வேலை மானியத்தோடு மாடியில் திரும்பி வந்துவிட்டது. இதற்கான மனுக்களை எல்லாம் தட்டியவள் நான். மேட்டுக் கழனி இன்னும் கொஞ்சம் மேடாகியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பூவாளியோடு படியில் உருண்டு விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தார். கட்டுப் போட்ட கையோடு அம்மா என்னிடம் கேட்டது, "ஆறு மாடியும் காஞ்சிகினு இருக்குமே, யாராச்சும் தண்ணி வுட்டாங்களா?" என்பதுதான். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று வெடித்தது. இவள் பெயரில் ஒரு மாடி இல்லாமல் நான் சாகப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலாளி திண்டிவனத்தில் தாலுக்கா ஆபீஸ் பக்கம் இன்னொரு கடை போட்டிருந்தார். நான் அங்கே மாற்றிக்கொண்டு போனேன். சீட்டு எடுத்து, கடன் வாங்கி, அந்த டவுனுக்கு வெளியே ஒன்றரை சென்ட் மனை வாங்கினேன். பத்திரம் அம்மா பெயரில். ரெஜிஸ்டர் ஆபீசில் கைநாட்டு வைத்துவிட்டு மையைப் புடவையில் துடைத்தவளை அதட்டினேன். நல்ல புடவை அது. ஒரே அறைதான் கட்ட முடிந்தது, ஆனால் மேலே கான்கிரீட் போட்டேன், வெளியே படி வைத்தேன். பூச்சு வேலை பாதியில் நின்றது. வீட்டு வரி ரசீது வந்த மறுநாளே மனு தட்டினேன். விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில் என் அம்மாவின் பெயரை முதல் முறையாகத் தட்டினேன். தப்பு விழுந்திருக்குமோ என்று நாலு முறை படித்துப் பார்த்தேன்.

கிட்டு வந்ததும் அம்மா ஏறிவிட்டாள். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது மேலே இருப்பாள், திரும்பும்போதும் மேலே இருப்பாள். நான் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கும் அது திட்ட மனுக்கள் குவிந்த காலம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தோம். வீட்டில் குழம்புக்கு என்ன இருந்ததோ அதைச் சாப்பிட்டேன். வாரா வாரம் அம்மா தெருவில் வருகிற வண்டியில் காய் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை கடை இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மாடிக்கு ஏறினேன். செடிகள் ஆளுயரம் இருந்தன. களை ஒன்று கிடையாது. ஆனால் கத்திரிக்காய் எல்லாம் பழுத்து மஞ்சளாகிக் கொம்பை வளைத்துக்கொண்டு தொங்கியது. வெண்டை முற்றி விறகாகியிருந்தது. அவரை காய்ந்து வெடித்து விதை கீழே சிதறிக் கிடந்தது. பிந்திப் பூத்ததில் நல்ல பிஞ்சும் காயும் இன்னொரு பக்கம் இருந்தன. ஒரு காய்கூட அறுத்த அடையாளம் இல்லை. அம்மா ஒரு பையின் ஓரத்தில் உட்கார்ந்து காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மறதி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மறதி இல்லை. முந்தின நாள்தான் ரேஷன் கடையில் அரிசி அளவு குறைந்ததைக் கண்டுபிடித்து அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தாள்.

"ஏம்மா, ஏன் அறுக்கல?"

"நீதான் ஒண்ணும் சொல்லவேயில்லியே" என்றாள்.

"நான் இன்னாத்த சொல்றது? இது உன்னுதும்மா. உன் வீடு, உன் பேரு. நீ அறுக்க யார கேக்கணும்?"

தலையை ஆட்டினாள். எல்லாம் புரிந்த தலையாட்டல்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. இலையைக் கிள்ளிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், நான் சொல்லி முடிக்கவில்லை என்பதுபோல். கெஞ்சினேன், விளக்கினேன், பத்திரத்தைக் கீழிருந்து கொண்டுவந்து காட்டவா என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் எனக்குக் கோபம் வந்து, "சரி, அறு!" என்று கத்திவிட்டேன்.

சட்டென்று எழுந்தாள். அந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக எழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மஞ்சளை ஒதுக்கி, நல்ல காயாகப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கூடை நிறைய அறுத்தாள். கூடையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். ஒரு எட்டுத் தள்ளி நின்றாள்.

"கொழம்புக்கு ரெண்டு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொள் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.